பன்னாடைக்கு வந்த வாழ்வு

உங்கள் மேனேஜர் உங்களைப் 'பன்னாடை' என்று திட்டியிருக்கிறாரா? இதுவரை இல்லையென்றால் மார்ச் மாதம் வரை பொறுங்கள். அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனில் இருப்பவர்களுக்கு ஜனவரியிலேயே கிடைத்துவிடும்.

கோபப்படாதீர்கள் ஸார். எண்ணூறு வருஷத்து வசவு அது. பதிமூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர், மட்டமான மாணவனுக்கு உதாரணம் சொல்லும்போது ஓட்டைக் குடம், ஆடு, எருமை இவற்றோடு 'நெய்யரி' என்று ஒன்றையும் சேர்த்திருக்கிறார். நெய்யரி வேறு யாருமில்லை, நம் பன்னாடைதான். தென்னை மட்டை மரத்தோடு சேரும் இடத்தில் பழுப்பு நிறத்தில், கோணித்துணி மாதிரி சுற்றிக்கொண்டிருக்குமே, அது. அதில் நெய்யை ஊற்றினால் நல்ல நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடை மட்டும் பத்திரமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். வாத்தியார் நடத்திய பாடத்தை மறந்துவிட்டு அவர் சொன்ன ஜோக்கை மட்டும் இருபது வருஷமாக ஞாபகம் வைத்திருக்கிறோமே, நமக்கென்றே சொன்ன உவமை.

இந்தப் பன்னாடையை நம்பி என் மாமியாரின் எட்டுப் பவுன் அடகுக் கடை வாசல் வரை போனது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

என் மச்சினன் டிப்ளமா மெக்கானிக்கல். ஆறு வருஷம் ஒரு கம்பெனியில் நாற்காலி தேய்த்துவிட்டு, "இனிமே சொந்தமாத்தான் எதையாவது பண்ணணும்" என்று ஊர் திரும்பியவன். ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கிருந்து மேற்கே செண்பகத்தோப்பு போகிற வழியில், மலையடிவாரத்தில், குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு. கேட்கிறவர்கள் "ஆஹா, மலைக்காற்று, இளநீர்" என்பார்கள். தோப்பு வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். ராஜபாளையம் வரைக்கும் அந்த அடிவாரம் முழுக்க யானை இறங்குகிற பாதை. ஒரு ராத்திரி வந்து, குருத்துக்காக நாலு மரத்தைச் சாய்த்துவிட்டுப் போகும். எந்த கோர்ட்டில் கேஸ் போடுவது? செண்பகத்தோப்புக் காடு 1988-லேயே சாம்பல் நிற மலை அணிலுக்காகச் சரணாலயம் ஆனது. 2021-ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமும் ஆகிவிட்டது. நியாயப்படி நாம்தான் அவர்கள் வீட்டு வாசலில் தென்னை வைத்திருக்கிறோம்.

ஆக, தேங்காயை நம்பிப் பிழைக்க முடியாது என்று மச்சினன் முடிவு கட்டிய நேரத்தில்தான் அந்தச் செய்தி காதில் விழுந்தது.

"அத்தான், கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் யுனிவர்சிட்டி இருக்குல்ல, அங்க பன்னாடையை வச்சு ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க. ரெசின்ல பதிச்சு தகடு செய்யுறாங்க. ஃபைபர் கிளாஸுக்குப் பதிலா! கண்ணாடி இழைக்குக் காசு கொடுக்கணும். நம்ம சரக்கு சும்மா. நீங்க பி.காம். தானே, பேங்குக்கு ஒரு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் போட்டுக் கொடுங்க."

பி.காம். படித்தவன் குடும்பத்தில் ஒருவன் இருந்தால் வருமான வரி, எல்.ஐ.சி., கல்யாண மொய்க் கணக்கு எல்லாம் அவன் தலையில்தான். ஆனால் இந்த முறை சும்மா ஒரு ரிப்போர்ட் போட்டுத் தள்ள மனம் வரவில்லை. பேங்க் கடனுக்கு முன்னால் கைக்காசு காட்ட வேண்டும். கைக்காசு என்பது மாமியாரின் எட்டுப் பவுன். மாமியாருக்கு அதைத் தவிர வேறு எதுவும் இல்லை.

சரி, விஷயத்தைப் படித்தேன். மச்சினன் சொன்னது நிஜம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை ரோட்டில் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள், 2010-க்குப் பிந்தைய வருஷங்களில் பன்னாடையைப் பாலியஸ்டர் ரெசினில் பதித்து இழுத்து, வளைத்து, தேய்த்து, அதிரவைத்துப் பார்த்து, வெளிநாட்டு ஆராய்ச்சிப் பத்திரிகைகளில் வரிசையாக எழுதியிருக்கிறார்கள். அவர்களைக் கவர்ந்த விஷயம் என்ன தெரியுமா? பன்னாடை நெய்த துணி. வாழை நாரோ கற்றாழை நாரோ என்றால் உரித்து, சீவி, அடுக்கிப் பாய் மாதிரி செய்ய வேண்டும். பன்னாடையைத் தென்னை மரமே, தறி இல்லாமல், மின்வெட்டு இல்லாமல், போனஸ் கேட்காமல் குறுக்கும் நெடுக்குமாக நெய்து கொடுத்துவிடுகிறது. இத்தனை மில்களும் தறிகளும் உள்ள ராஜபாளையம் பக்கத்தில் இது கண்ணில் படாமலா போகும்?

இதற்குப் பெயர் 'காம்போசிட்'. ஒன்றும் பயப்பட வேண்டாம். வைக்கோல் போட்டுப் பிசைந்த மண்சுவரும் காம்போசிட்தான். மண் மட்டும் என்றால் விரிசல் விடும். வைக்கோல் மட்டும் என்றால் மாடு தின்றுவிடும். சேர்ந்தால் சுவர். மண்ணுக்குப் பதில் பிளாஸ்டிக், வைக்கோலுக்குப் பதில் ஏதோ ஒரு நார், அல்லது தூள். அவ்வளவுதான்.

தூளின் கதைதான் பழசு. 1907-ல் லியோ பேக்லாண்ட் என்பவர் பேக்லைட் கண்டுபிடித்தார். தாத்தா வீட்டில் 'டொக்' என்று சத்தம் போடும் கறுப்பு சுவிட்ச் இருந்ததே, அந்தச் சரக்கு. தனி ரெசின் அப்பளம் மாதிரி நொறுங்கும் என்பதால் அதில் மரத்தூளைக் கலந்தார்கள். நூறு வருஷமாக நாம் மரத்தூளைத் தட்டித்தான் லைட் போட்டுக்கொண்டிருந்தோம். சிரட்டையைப் பொடியாக்கினால் அதுவும் இந்த வேலைக்கு ஆகும்; அதே சிரட்டைப் பொடி கொசுவர்த்திச் சுருளுக்கும் போகிறது. இன்று ஹார்டுவேர் கடையில் 'டபிள்யூ.பி.சி. டோர், தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது ஸார்' என்று தட்டிக் காட்டுகிறார்களே, அதிலும் பிளாஸ்டிக்கோடு மரத்தூள்தான். தூள் இடத்தை அடைக்கும், செலவைக் குறைக்கும், விறைப்பைக் கூட்டும். பாரம் தாங்க வேண்டுமென்றால் தூள் போதாது. நீள நார் வேண்டும். மச்சினனின் பன்னாடை இந்த இரண்டாவது ஜாதி.

எடை விஷயத்தில் நார் ஜெயிக்கிறது. ஒரு கன சென்டிமீட்டர் கண்ணாடி இழை சுமார் இரண்டரை கிராம். தாவர நார்கள் பெரும்பாலும் 1.2-லிருந்து 1.5 கிராமுக்குள். கார் கம்பெனிகள் நாரைத் தேடி ஓடுவது இதற்காகத்தான். மரத்தின் மேல் பாசம் அப்புறம். வண்டி கனம் குறைந்தால் எண்ணெய் மிச்சம். 2004-ல் மெர்சிடிஸ் தன் ஏ-கிளாஸ் காரின் அடிப்பக்கத்தில், ஸ்டெப்னி இருக்கும் இடத்தை மூடும் பகுதிக்கு அபாக்கா நாரைப் போட்டது. அபாக்கா பிலிப்பைன்ஸ் நாட்டு வாழைக்குச் சொந்தக்காரச் செடி. மெர்சிடிஸில் போகிறவர் வாழை நார் மேல் போகிறார் என்றால் நம் பூக்காரம்மா நம்புவாரா?

"பார்த்தீங்களா அத்தான்!" என்றான் மச்சினன். என் மனைவியும் அதே முகத்தோடு என்னைப் பார்த்தாள். தம்பி விஷயம்.

பார்த்தேன். நாரை எங்கே போட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தேன். ஸ்டெப்னி மூடி, கதவின் உள்பக்கம், டிக்கியின் பின்பலகை. சேஸிஸில் யாரும் போடவில்லை. கண்ணாடி இழையை இழுத்தால் அது தாங்குவது 2,000 மெகாபாஸ்கலுக்கு மேல். தென்னை நார் சுமார் 200-க்குள் அறுந்துவிடும். பத்தில் ஒரு பங்கு. தென்னை நாரில் லிக்னின் என்கிற பொருள் அதிகம், நாற்பது சதவீதத்துக்கு மேல். அதனால்தான் கயிறு உப்புத் தண்ணீரில் கிடந்தாலும் சீக்கிரம் மக்குவதில்லை. பலம் வேறு, ஆயுசு வேறு.

அடுத்த ஞாயிறு மச்சினன் மதுரையிலிருந்து பாலியஸ்டர் ரெசினும், அது உறைவதற்கான சரக்கும் வாங்கி வந்தான். கையுறை மாட்டிக்கொண்டு தோப்பில், காற்று வீசும் பக்கமாக உட்கார்ந்து இரண்டு தகடு செய்தான். அந்த நெடி இருக்கிறதே, பத்து வீட்டுக்கு ஒரே நாளில் பெயிண்ட் அடித்த மாதிரி. மாமரத்து உச்சியிலிருந்து ஒரு மலை அணில், நீள வாலைத் தொங்கவிட்டு, எங்களையே பார்த்துவிட்டு, 'இதுகளுக்கு வேறு வேலை இல்லை' என்பதுபோல் அடுத்த மரத்துக்குத் தாவியது. (அதுவும் குச்சி, இலை வைத்துக் கூடு கட்டுகிற ஆசாமிதான். ரெசின் கிடையாது. மழைக்கு நனைந்தால் வேறு கூடு.)

முதல் தகட்டில் பன்னாடையை அப்படியே உதறிப் போட்டிருந்தான். காய்ந்த பிறகு வளைத்தால் 'சடசட'வென்று ரெசின் ஒரு பக்கம், பன்னாடை ஒரு பக்கம், விவாகரத்து. இரண்டாவதில், பன்னாடையைக் கொஞ்சம் காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, அலசி, காயவைத்துப் போட்டிருந்தான். ஆராய்ச்சியாளர்கள் செய்வதும் இதுதான். பொதுவாக ஐந்து சதவீதக் கரைசல் என்கிறார்கள். இந்தத் தகடு முரண்டு பிடித்தது. கடைசியில் ஒடிந்தபோது நார்கள் ரெசினோடு சேர்ந்தே ஒடிந்திருந்தன.

காரணம் சுலபம். எண்ணெய் வடியும் நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு நிற்காது. சோப்புப் போட்டுக் கழுவினால் நிற்கும். நாரின் மேல் மெழுகும் பிசுக்கும் இருக்கிறது; காஸ்டிக் சோடா அதைக் கழுவி, மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குகிறது. அதற்கும் கீழே இன்னொரு தகராறு. நாருக்குத் தண்ணீர் என்றால் உயிர். ரெசினுக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது. மாமியார் மருமகளை ஒரே வீட்டில் வைத்து ஒரே பொருளாக்குகிற வேலை ஸார் இது.

கெட்டியான தகட்டை ஒரு துண்டு வெட்டி வாளித் தண்ணீரில் போட்டு வைத்தோம். ஒரு வாரம் கழித்து எடுத்தால் வெட்டின விளிம்பு மட்டும் ஊறின பிஸ்கட் மாதிரி உப்பியிருந்தது. மேலே ரெசின் மூடியிருந்த இடம் ஜம்மென்று இருந்தது. ஆக, விளிம்பை அடைக்காமல் வெளியே அனுப்பினால் ஒரு ஐப்பசி மழையில் கஸ்டமர் வீடு தேடி வந்துவிடுவார்.

"அடைச்சிடலாம் அத்தான்."

"அடைச்சிடலாம். அந்தக் காஸ்டிக் சோடாத் தண்ணியை எங்கடா ஊத்துவே?"

தோப்பைப் பார்த்தான். அந்தப் பக்கம் புலிகள் காப்பகம். இந்தப் பக்கம் கிணறு. பதில் சொல்லவில்லை. ஒரு வாளி என்றால் எங்கேயாவது சமாளிக்கலாம். தொழில் என்றால் தினமும் தொட்டி தொட்டியாக வரும். அதை அமிலம் விட்டுச் சமன்படுத்தித்தான் வெளியே விட வேண்டும். அதற்கு ஒரு தொட்டி, ஒரு ஆள், ஒரு செலவு. 'இயற்கை நார்' என்று நோட்டீஸ் அடிக்கிறவர்கள் யாரும் இந்த வரியை அடிப்பதில்லை.

சரி, என் தொழிலுக்கு வருகிறேன். கணக்கு.

ஒரு தென்னை மரம் வருஷத்துக்குச் சுமார் பன்னிரண்டு மட்டை விடும். மட்டைக்கு ஒரு பன்னாடை. ஏக்கருக்கு எழுபது மரம் என்றால் இரண்டு ஏக்கருக்கு 140. (யானை எதையும் சாய்க்கவில்லை என்று வைத்துக்கொண்டு.) 140-ஐ 12-ஆல் பெருக்கினால் 1,680 பன்னாடை. காய்ந்த பன்னாடை ஒன்று நூறு கிராம் என்று தாராளமாகவே போட்டேன். வருஷத்துக்கு 168 கிலோ. மாசத்துக்கு 14 கிலோ.

பதினாலு கிலோ ஸார்! எங்கள் வீட்டில் பழைய பேப்பரே அதில் பாதி சேரும்.

மச்சினன் கால்குலேட்டரைப் பிடுங்கி இன்னொரு தடவை போட்டான். கால்குலேட்டருக்கு உறவுமுறை தெரியாது. அதே பதினாலு.

இதோடு விடவில்லை நான். தகட்டில் எடைக்கு முப்பது சதவீதம் நார் என்று வைத்தால், 14 கிலோ பன்னாடைக்குக் கிட்டத்தட்ட 33 கிலோ ரெசின் வேண்டும். அதாவது 'சுற்றுச்சூழல் நண்பன்' என்று பச்சை எழுத்தில் போட்டு விற்கப்போகிற தகட்டில், நூற்றுக்கு எழுபது பங்கு பெட்ரோலியத்திலிருந்து வந்த பாலியஸ்டர். சாம்பார் வடையில் வடை முப்பது, சாம்பார் எழுபது. வடையின் பெயரை முன்னால் போடலாம். சாம்பாருக்கும் பில் உண்டு. சும்மா கிடைக்கும் என்று அவன் நினைத்த பண்டத்தில் காசு கொடுத்து வாங்குகிற பகுதிதான் பெரிசு.

அதற்காக இது வெறும் பம்மாத்து என்று சொல்லிவிட முடியாது. கண்ணாடி இழை செய்ய மணலை 1,400 டிகிரிக்கு மேல் உருக்க வேண்டும். பன்னாடைக்குச் சூரியன் போதும். ஃபைபர் கிளாஸ் வேலை செய்கிறவர்களின் கை அரிப்பையும் இருமலையும் நேரில் பார்த்திருந்தால் அந்த இழை ஒரு கிலோ குறைந்தாலும் சந்தோஷப்படுவீர்கள். ஆனால் பச்சைப் பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் கடைசிப் பக்கத்தையும் புரட்ட வேண்டும். தகடு பழசானால் எங்கே போகும்?

இதற்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. கிழக்கு ஜெர்மனியில் ட்ராபன்ட் என்று ஒரு கார். 1957-லிருந்து 1991 வரை முப்பது லட்சம் வண்டிக்கு மேல் செய்தார்கள். இரும்புத் தகட்டுக்குப் பஞ்சம். அதனால் சோவியத் யூனியனிலிருந்து வந்த கழிவுப் பஞ்சை ரெசினோடு சேர்த்து அழுத்தி பாடி கட்டினார்கள். கழிவுப் பஞ்சு! ராஜபாளையத்தில் 1936-லிருந்து மில் ஓடுகிறது; கழிவுப் பஞ்சு என்றால் என்ன என்று அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கார் பாடி துருப்பிடிக்கவில்லை. அருமையாக உழைத்தது. பெர்லின் சுவர் விழுந்ததும் ஜனங்கள் வேறு கார் வாங்கிக்கொண்டு இதை விட்டுவிட்டுப் போனார்கள். அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பாடியை இரும்பு மாதிரி உருக்க முடியாது. பஞ்சு மாதிரி மக்கவும் மக்காது. எரித்தால் நச்சுப் புகை. தனித்தனியாக இருந்தவரை இரண்டுக்கும் ஒரு வழி இருந்தது.

மச்சினனின் தகடும் அதே ரகம். பாலியஸ்டர் ஒரு தடவை உறைந்தால் உறைந்ததுதான். திரும்ப உருகுகிற பாலிப்ரொப்பிலீனில் நாரைக் கலக்கலாம். அது 165 டிகிரியில் இளகும், நார் 200 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும், இரண்டும் ஒத்துப்போகும். கார் கதவு ஆட்கள் போகிற வழி அது. அதற்கு மிஷின் வேண்டும். எட்டுப் பவுன் அந்த மிஷினின் ஒரு காலுக்குக்கூடக் காணாது. முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயிலிருந்து ரெசின் வருகிறது, பிரேக் லைனிங்கில் போடுகிறார்கள். ரெசினையும் மரத்திலிருந்தே எடுக்கலாம் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. செண்பகத்தோப்பு ஷெட்டில் அதைச் செய்ய முடியுமா என்பதுதான் என் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்.

இன்னொரு சங்கதி. கண்ணாடி இழை நேற்று வாங்கின ரோலும் இன்று வாங்கின ரோலும் ஒரே மாதிரி. பன்னாடை அப்படி இல்லை. கிழட்டு மரத்தது ஒரு தினுசு, இளசு ஒரு தினுசு, வெயிலில் காய்ந்தது, மழையில் பூசணம் பிடித்தது... நம் ஆபீஸ் மாதிரி ஆளுக்கு ஒரு குணம். வாங்குகிற கம்பெனி முதலில் கேட்பது விலையை இல்லை, "போன மாசம் கொடுத்த மாதிரியே இந்த மாசமும் கொடுப்பீங்களா?" என்பதைத்தான். அதற்கு ஒரே வழி, நூறு தோப்பிலிருந்து வாங்கி, ரகம் பிரித்து, ஈரம் பார்த்து, கட்டுக் கட்டாகக் கொடுப்பது.

இதை நான் சொன்னதும் மச்சினன் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தோப்புகளுக்குக் கிளம்பிவிட்டான். நானும் பின்னால் உட்கார்ந்தேன். முதல் தோப்புக்காரர், "பன்னாடையா? அடுப்புக்குப் போக மிச்சம் எல்லாம் அள்ளிட்டுப் போங்க தம்பி, புண்ணியமாப் போகும்" என்றார். இரண்டாவது தோப்பில் ஒரு டம்ளர் இளநீரே கொடுத்தார்கள். மூன்றாவது தோப்புக்கு நாங்கள் போய்ச் சேர்வதற்கு முன்னால் சேதி போய்விட்டது. பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "கிலோ என்ன விலைக்கு எடுக்குறீங்க?" என்றார்.

காலை பத்து மணிக்கு அடுப்பு எரிக்கிற சாமான். பதினொன்றரைக்குச் சரக்கு.

திரும்பும் வழியில் மச்சினன் பேசவில்லை. நானும் பேசவில்லை. பால்கோவா வாங்கினோம். வீட்டுக்கு வந்ததும் மாமியாரிடம் அவனே போய், "அம்மா, அந்த நகையை பீரோவிலேயே வை" என்றான். என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

ரிப்போர்ட்டில் தகடு செய்கிற ஷெட் இல்லை. ஒரு எடைத் தராசு, பன்னாடை காயப்போடத் தார்ப்பாய், ஈரம் பார்க்கும் மீட்டர், ஐம்பது சாக்கு. முதலீடு அவனுடைய கடைசி மாசச் சம்பளத்துக்குள் அடங்கிவிட்டது. மூன்று மாதம் பத்துத் தோப்பில் சேர்த்து, எவ்வளவு தேறுகிறது, எவ்வளவு பூசணம் பிடிக்கிறது, கிலோவுக்கு அடக்க விலை என்ன ஆகிறது என்று நோட்டில் எழுத வேண்டும். அந்த நோட்டையும், ரகம் பிரித்த ஒரு சாக்குப் பன்னாடையையும் தூக்கிக்கொண்டுதான் கிருஷ்ணன்கோவில் பக்கமோ, ஃபைபர் கிளாஸ் பட்டறைப் பக்கமோ போய்ப் பேச வேண்டும்.

ஆறு வாரம் ஆகிறது. நேற்று போன் பண்ணினான்.

"அத்தான், இந்த ஞாயிறு நாலு தோப்பு. மொத்தம் எழுபது கிலோ வரும் போலிருக்கு!"

"மழை பெஞ்சுதா அங்கே?"

"லேசா."

"காயப்போட்டு எடை போடு" என்றேன்.